அரைக்கட்டை இறக்கம்

அத்தியாயம் 17

நான்கு பெட்டிகளும் லாரியிலிருந்து இறங்கிக் கடை நடுவில் வரிசையாக உட்கார்ந்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். "நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் யாரும் கிட்ட போகக்கூடாது" என்று கறாராகச் சொல்லிவிட்டு அக்கா விளக்கை அணைத்தாள். விடாமல் படிக்கிறவர்களுக்கு இது போதும். புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு இன்னும் நாலு வரி.

அக்கா என்பது அவள் பெயர் இல்லை. ஆனால் தெருவுக்கே அவள் அக்காதான். கிடார் கடை நடத்துகிறாள். கல்லாவில் உட்காருவது அவள் புருஷன். முப்பது வருஷம் கிடார் வாசித்தவர், சொல்லிக் கொடுத்தவர், அதனால் எல்லோருக்கும் மாஸ்டர். எட்டு மாதத்துக்கு முன் கழுத்து நரம்பில் ஆபரேஷன் நடந்தது. அதிலிருந்து இடது கையின் கடைசி இரண்டு விரலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அவரும் கிடாரைத் தொடுவதில்லை.

கடைக்குப் பின்னால் இருக்கும் பட்டறையில் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பவன் அக்காவின் தம்பி. கல்யாணம் ஆகாத நாற்பது வயசுக்காரன். சாப்பாடு மாடியில் அக்கா வீட்டில், படுக்கை கீழே பட்டறையில். பழைய காலத்து, பல்பு மாதிரி எரிகிற கண்ணாடி வால்வு போட்ட ஆம்ப்ளிஃபயர் என்றால் உயிரை விடுவான் என்பதால் அவனுக்கு வால்வு என்றே பெயர் நிலைத்துவிட்டது.

வந்திருக்கும் சரக்கும் லேசுப்பட்டது இல்லை. பெரிய இடத்துக் கம்பெனி ஒன்று இந்த வருஷம் புதிதாகச் செய்திருக்கும் இரண்டு எலெக்ட்ரிக் கிடார், கரண்ட் இல்லாமலே வாசிக்கிற ஒரு அக்கூஸ்டிக் கிடார், உள்ளே ஒவ்வொரு ஒயரையும் கையாலேயே பற்றவைத்த ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர். ஒரு வருஷத்துக்கு ஏஜென்சி கொடுத்துப் பார்க்கிறார்கள். ஒப்பந்தம் மாஸ்டர் பெயரில். அதில் முதல் நிபந்தனையே பெட்டியைப் பற்றியதுதான்.

பனியில் நனைந்து குளிர்ந்து வரும் கிடாரை இருபத்துநாலு மணி நேரம் பெட்டிக்குள்ளேயே விட்டுவைக்க வேண்டும். கடையின் சூடு மெல்ல மெல்ல உள்ளே இறங்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் மரத்தின் மேலே இருக்கும் மெல்லிய பாலிஷ் திடீர்ச் சூட்டைத் தாங்காது. கம்பெனியின் ஏரியா மேனேஜர் வந்துதான் முத்திரை டேப்பைக் கிழிக்க வேண்டும் என்பதும் எழுதியிருந்தது. ஐந்து மணிக்குத் திறந்து, ஆறு மணிக்கு ஊர்க்காரர்களைக் கூப்பிட்டுக் கடையிலேயே அறிமுக விழா.

காலை ஏழரைக்கு அக்கா கீழே இறங்கினாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற சுபாவம் அவளுக்கு. மூன்றாவது பெட்டியின் டேப் ஓரத்தில் நகத்தளவுக்குத் தூக்கிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தாள். நடுவில் நேராக, கத்தியால் கீறின கோடு. மேலே விரலால் அழுத்தி ஒட்டி வைத்திருந்தது.



"டேய், இங்க வா."

வால்வு பல் தேய்த்துக்கொண்டே வந்து நின்றான்.

"இதை யாரு அறுத்தது?"

"எனக்கென்ன தெரியும்?"

"கீழ படுக்கறது நீ ஒருத்தன்தான். பெட்டிக்குப் பத்தடி தள்ளிப் படுத்திருக்கே. உனக்குத் தெரியாதுன்னா வேற யாருக்குத் தெரியும்?"

"ஹீட்டரைப் போட்டுட்டு நல்லாத் தூங்கிட்டேன் அக்கா."

"மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஆம்ப்ளிஃபயரைத் தப்பான பிளக்ல சொருகிப் புகைய விட்டியே, அன்னைக்கும் இதே மூஞ்சிதான்."

"அதை இன்னும் விடலையா நீ? என் கருமாதி அன்னைக்காவது விட்டுடு" என்று சொல்லிவிட்டு அவன் பட்டறைக்குள் போய்விட்டான். சிரிக்கத்தான் சொன்னான். ஆனால் அவன் சிரிக்கவில்லை.

அக்கா டேப்பை உரித்து, அட்டையை விலக்கி, உள்ளே இருந்த கறுப்புக் கேஸின் நாலு பூட்டையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

உள்ளே அந்த அக்கூஸ்டிக், வெண்ணெய் நிறத்தில் அப்படி ஒரு மரம். ஆனால் கம்பிகள் வந்து முடிகிற கட்டைக்குக் கீழே தொடங்கி ஓரம் வரைக்கும், பாலிஷ் முழுக்க முடி முடியாக விரிசல் ஓடியிருந்தது, பனிக்காலத்தில் உதடு வெடிக்கிற மாதிரி. அக்கா அதன் மேல் கையை வைத்தாள். தட்டுப்படவே இல்லை. கண்ணுக்கு மட்டும் தெரிந்தது.

அடுத்ததுதான் அவளை உட்கார வைத்தது.

கம்பெனியிலிருந்து வரும் கிடாரில் கம்பிகளைத் தளர்த்தித்தான் அனுப்புவார்கள். இதிலோ கம்பிகள் விறைப்பாக நின்றன. அக்கா கட்டை விரலால் மேலிருந்து கீழே ஒரு தடவை தடவினாள். ஆறு கம்பியும் ஒன்றுக்கொன்று சேர்ந்து, சுத்தமாகப் பேசின. ஆனால் இருக்க வேண்டிய ஸ்ருதியிலிருந்து அரைக்கட்டை கீழே.

அந்த ஊரில், ஏன், அவளுக்குத் தெரிந்த உலகத்தில் கிடாரை அரைக்கட்டை இறக்கி வாசிக்கிற ஆள் ஒருவர்தான். மாஸ்டருக்குக் கனத்த குரல். தன் குரல் மேலே ஏறாது, கிடார்தான் கீழே இறங்கி வரவேண்டும் என்பார். முப்பது வருஷமாக எந்தக் கிடாரைக் கையில் எடுத்தாலும் முதல் வேலை அதுதான். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் அரைக்கட்டை மாஸ்டர் என்றுதான் சொல்லும்.



பதினைந்து நாளாக அவர் அந்தக் கம்பெனியின் புத்தகத்தை வைத்துப் புரட்டிக்கொண்டிருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். ஒரு பக்கத்தின் மூலையை மடித்துக்கூட வைத்திருந்தார். புது அக்கூஸ்டிக்கின் கழுத்து மெல்லிசாம், விரல் அழுத்தம் பாதி போதுமாம். அந்தப் பாதி அழுத்தத்தை நம்பித்தான் மனுஷன் விடிகாலையில் பூனை மாதிரி இறங்கி வந்திருக்கிறார். ஊருக்கெல்லாம் பெட்டியைத் திறக்காதே என்று பாடம் எடுத்தவர்.

வரப்போகிற ஏரியா மேனேஜரும் மாஸ்டரிடம் ஆறு மாதம் கற்றுக்கொண்டவள்தான். ஒரு கம்பியைத் தொட்டால் போதும், அவளுக்குத் தெரிந்துவிடும். பெட்டி விஷயத்தில் வேலையாள் தப்பு செய்தால் வேலையாளை நிறுத்த வேண்டும், ஒப்பந்தக்காரரே செய்தால் ஒப்பந்தமே போச்சு என்று எழுதியிருக்கிறது. அதைவிட, எதற்காகத் திறந்தீர்கள் என்று அவள் கேட்பாள். அத்தனை பேர் நடுவில் மாஸ்டர் அந்தக் கையோடு நின்று பதில் சொல்ல வேண்டும்.

அக்கா பட்டறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கதவு பாதி சாத்தியிருந்தது. ஈயம் பற்றவைக்கிற வாசனை வந்தது.

கிடாரின் தலைப்பக்கத்துக் குமிழைப் பிடித்துத் திருகினாள். முதல் கம்பி முனகிக்கொண்டே கீழே போனது. பிறகு இரண்டாவது. ஆறையும் தொளதொளவென்று ஆக்கிவிட்டு, கேஸை மூடி, டேப்பை மறுபடியும் ஒட்டினாள். ஐந்து நிமிஷ வேலை. காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிட்டதாக நினைத்தாள், பாவம்.

மாடியில் மாஸ்டர் டீ டம்ளரை வலது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரொட்டி தட்டில் அப்படியே இருந்தது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சாயங்காலம் சொல்லுங்க."

"இல்ல, இப்பவே சொன்னாத்தான்..."

"என்னங்க, தலைக்கு மேல வேலை கிடக்கு. நீங்க பிசியோவுக்குக் கிளம்புங்க. முடிச்சுட்டு அப்படியே உங்க அக்கா வீட்டுக்குப் போய்ட்டு, அஞ்சரைக்கு மேல வந்தாப் போதும்."

"அஞ்சு மணிக்குத்தானே பெட்டி திறக்கறாங்க?"

"கூட்டத்துல நீங்க எதுக்கு நின்னுக்கிட்டு?"

மாஸ்டர் அவளைப் பார்த்தார். "நான் நிக்கக் கூடாதா, இந்தக் கை நிக்கக் கூடாதா?"

"அப்படியெல்லாம் இல்லைங்க" என்று சொல்லி அக்கா அவருடைய கோட்டை எடுத்துவந்தாள். பட்டன் போட அவருக்கு இடது கை வராது. எட்டு மாதமாக அவள்தான் போட்டுவிடுகிறாள். இன்றைக்கும் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள், முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே. அவர் இன்னொரு தடவை வாயைத் திறந்தார். "பஸ் போயிடும்" என்றாள்.

நாலரை மணிக்கு ஏரியா மேனேஜர் வந்தாள். முப்பது வயசு இருக்கும். பேச்சில் தேன் ஒழுகும். வந்ததும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாஸ்டர் எங்க அக்கா? அவரைப் பார்க்கத்தான் பாதி ஆசை" என்றாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கார். காலையிலேயே போய்ட்டார்."

பெட்டிகளைச் சுற்றி வந்தவள் மூன்றாவதன் முன்னால் நின்றாள். டேப்பைத் தொட்டுப் பார்த்தாள். திறந்தாள். விளக்கை அருகே இழுத்து விரிசலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே ஒரு கம்பியைச் சுண்டினாள். அது டொய்ங் என்று அழுதது.

"வாசிக்கலை போல. சும்மா பார்க்கத்தான் திறந்திருக்காங்க."

அந்தப் பக்கம் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த வால்வு சடக்கென்று தலையைத் தூக்கினான். கிடாரைப் பார்க்கவில்லை. நேராக அக்காவைப் பார்த்தான். அக்கா தரையைப் பார்த்தாள்.

"அக்கா, மன்னிக்கணும். நானும் மேலிடத்துக்குப் பதில் சொல்லணும். யாரு திறந்ததுன்னு தெரியாம நான் இன்னைக்கு எதையும் ஆரம்பிக்க முடியாது. மாஸ்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடறேன். நம்பர் இருக்கு."

அவள் போனைக் கையில் எடுத்தாள். அக்கா பெட்டியின் அட்டை ஓரத்தை நேராக்கிக்கொண்டிருந்தாள். சொல்லியிருக்கலாம். நான் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், அந்த இடத்தில் அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"நான்தான் திறந்தேன்" என்றான் வால்வு.

"நீங்களா?"

"ஆமா. ஆசை. பொறுக்க முடியலை."

மேனேஜர் பெருமூச்சு விட்டாள். உண்மையிலேயே வருத்தப்பட்டாள் என்றுதான் தோன்றியது. "எங்க சரக்கு இருக்கிற வரைக்கும் இவர் இந்தக் கடையில வேலை பார்க்கக் கூடாது அக்கா. நடந்ததை எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுங்க. இந்தக் கிடாரைத் திருப்பி அனுப்பிடலாம். மத்த மூணையும் வச்சு ஆறு மணிக்கு நடத்திடலாம்."

அக்கா எழுதினாள். என் தம்பி எனக்குத் தெரியாமல், விடிகாலையில், என்று தொடங்கி நாலு வரி. கையெழுத்துப் போட்டாள். எழுதின கை ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. அதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது.

ஐந்து மணிக்கு மற்ற பெட்டிகளைத் திறந்தார்கள். ஆழ்ந்த பச்சையில் ஒரு எலெக்ட்ரிக் கிடார், அடியில் மரத்தின் ரேகை தண்ணீர் மாதிரி நெளிந்தது. இன்னொன்று கறுப்பு, முகம் பார்க்கலாம். ஆம்ப்ளிஃபயரை மட்டும் எப்படி உயிர்ப்பிப்பது என்று யாருக்கும் பிடிபடவில்லை. மேனேஜர் சங்கடத்தோடு வால்வைக் கூப்பிட்டாள். "இதை மட்டும் போட்டுக் கொடுத்துட்டுப் போயிடறீங்களா?"

அவன் போட்டுக் கொடுத்தான்.

பட்டறையில் அக்கா போய் நின்றபோது அவன் பற்றவைக்கும் கருவியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா அப்படிச் சொன்னே?"

"நீ சொல்லுவேன்னு பார்த்தேன். சொல்லலை. யாராவது ஒருத்தர் சொல்லித்தானே ஆகணும்."

"உனக்கு..."

"அஞ்சரைக்கு மாமா இறங்கி வந்தது எனக்குத் தெரியும் அக்கா. கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்னுட்டிருந்தேன். பொறுமையா ஸ்ருதி சேர்த்தார். அப்புறம் அந்த எஃப் கார்டு, எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தணுமே, அதைப் பிடிச்சுப் பார்த்தார். மூணு தடவை. மூணு தடவையும் சத்தம் செத்துப்போச்சு. அப்புறம் கிடாரை மடியில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தார். நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வெளிய வர்றது?"

"அப்போ தூங்கிட்டேன்னு என்கிட்ட ஏன் சொன்னே?"

"அவரே சொல்லுவார்னு நினைச்சேன். அவர் சொல்ற ஆள்தான். அப்புறம் நீ கம்பியைத் தளர்த்தறது கேட்டுச்சு. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே இருந்தேன். நாலாவதுல நிறுத்துவேன்னு பார்த்தேன். ஆறையும் தளர்த்திட்டே."

"உன் மேல பழி வரணும்னு நான் நினைக்கலைடா."

"தெரியும். நீ என்னை நினைக்கவே இல்லை."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எங்கே வைத்தோம் என்று தேடுகிறவன் மாதிரிதான் சொன்னான். பைக்கு ஜிப் போட்டான்.

"எங்கடா போறே?"

"ஆறே காலுக்கு ஒரு பஸ் இருக்கு. போய்ப் பார்க்கறேன்." வாசல் வரைக்கும் போனவன் நின்றான். "ஆம்ப்ளிஃபயரை அணைக்க வேணாம்னு சொல்லு. வால்வு நல்லா சூடேறினாத்தான் அது பேசும்."

பின்வாசல் கதவு சாத்திக்கொண்டது. அக்கா அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். முன்னால் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டதால் சத்தமாகக்கூட அழ முடியவில்லை.

ஆறுக்குப் பதினைந்து நிமிஷம் இருக்கும்போது அதே பின்வாசல் வழியாக மாஸ்டர் வந்தார். கோட்டின் பட்டன்கள் ஏறுமாறாக மாட்டியிருந்தன. தானே போட்டுப் பார்த்திருக்கிறார்.

"மச்சான் எங்க? அவன்கிட்ட முதல்ல பேசிட்டு அப்புறம் உன்கிட்ட வரலாம்னு பார்த்தேன்."

"போய்ட்டான்."

"டீ குடிக்கவா?"

"வேலையை விட்டு." அக்கா மூக்கை உறிஞ்சினாள். "அந்த அக்கூஸ்டிக் பாலிஷ் வெடிச்சுப்போச்சு. தான்தான் திறந்தேன்னு சொல்லிட்டுப் போய்ட்டான்."

மாஸ்டர் மேசையைப் பிடித்துக்கொண்டார். "வெடிச்சுப்போச்சா? டிக் டிக்குன்னு ஒரு சத்தம் வந்துச்சு. ஹீட்டர்னு நினைச்சேன்." "அவன் திறக்கலை. நான் திறந்தேன். காலையில அதைத்தானே உன்கிட்ட சொல்ல வந்தேன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீங்க என்ன சொல்ல வந்தீங்கன்னு. அரைக்கட்டை இறங்கியிருந்துச்சு. நான்தான் தளர்த்தி வச்சேன்."

மாஸ்டர் அவளையே பார்த்தார். பல வருஷமாகத் தெரிந்த முகத்தில் புதிதாக எதையோ தேடுகிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"அவனுக்குத் தெரியுமா, உனக்குத் தெரியும்னு?"

அக்கா ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"தெரிஞ்சுக்கிட்டுத்தான் போனானா?"

"ஒப்பந்தம் உங்க பேர்ல இருக்குங்க. போயிடுச்சுன்னா..."

"ஒப்பந்தத்தை விடு. அந்தப் பொண்ணு முன்னாடி நான் இந்தக் கையை வச்சுக்கிட்டு நிக்கணுமேன்னு உனக்குப் பயம்." அவர் குரலை உயர்த்தவில்லை. "நான் நின்னிருப்பேன். எட்டு மாசமா இந்த வீட்ல யாராவது என் கை எப்படி இருக்குன்னு கேட்டீங்களா? பட்டன் போட்டுவிடறே. டம்ளரை வலது பக்கம் வைக்கறே. ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருந்தா நான் ஏன் திருடன் மாதிரி விடிகாலையில இறங்கிப் போய்ப் பெட்டியை அறுக்கறேன்?"

அக்கா நல்லது செய்வதாக நினைத்துத்தான் கேட்கவில்லை. காலையிலும் அப்படித்தான். அவளுடைய நல்லது எல்லாம் இப்படித்தான் யாரையாவது வாயை மூட வைக்கிறது என்பது அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போது அவளுக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய?

"பஸ் எத்தனை மணிக்கு?"

"ஆறே கால்."

மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். கோட்டின் பட்டன்களை ஒரு கையாலேயே கழற்றத் தொடங்கினார். அக்கா எழுந்து உதவ வந்தாள். வேண்டாம் என்று கையை விலக்கிவிட்டார்.

அப்போதுதான் கதவைத் தட்டிவிட்டு ஏரியா மேனேஜர் எட்டிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. "மாஸ்டர், வந்துட்டீங்களா? எல்லாரும் உங்களைத்தான் கேக்கறாங்க. அஞ்சு நிமிஷத்துல ஆரம்பிச்சுடலாமா?"

"உள்ள வாம்மா. கதவைச் சாத்திட்டு வா" என்றார் மாஸ்டர். பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "பெட்டியைத் திறந்தது என் தப்பு. அதை நானே சொல்லிக்கறேன். கம்பியைத் தளர்த்தினதை நீ சொல்லு. முதல்ல நீ."

மேனேஜரின் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் கையில் அக்கா எழுதிக் கொடுத்த காகிதம் நாலாக மடிந்திருந்தது. ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்த்தாள்.

"எந்தக் கம்பி மாஸ்டர்?"

மாஸ்டர் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.